முன்னால் வெல்ல மூட்டை, பின்னால் இஞ்சின்

ஆந்திர எல்லையில் நகரியைத் தாண்டியதும் பலகைகளில் இருந்த எழுத்து எனக்குத் தெரியாத எழுத்தாகிவிட்டது. அதில் பயம் ஒன்றும் இல்லை. நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். வளைகுடாவில் அரபிப் பலகைகளுக்குக் கீழே சில வருடங்கள் லாரி ஓட்டியிருக்கிறேன். அம்புக்குறி எந்த நாட்டிலும் அம்புக்குறிதான். மீதியை டீக்கடையில் கேட்டுக்கொள்ளலாம்.

லாரியின் முதுகில் இரண்டு பந்தயக் கார்கள் இருந்தன. ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள். இரண்டும் வெளிநாட்டில் செய்யப்பட்டு, யாரோ பணக்காரர்கள் கொஞ்ச காலம் ஓட்டி, சலித்துப்போய், சென்னையில் பழைய கார் வியாபாரம் செய்யும் என் முதலாளியின் ஷெட்டுக்கு வந்தவை. சித்தூருக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்தில் ஒருவர் இரண்டையும் ஓட்டிப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்வார், மற்றதைத் திருப்பிக் கொண்டு வா என்று சொல்லி அனுப்பினார் முதலாளி. ஓட்டும்போது நான் பக்கத்தில் உட்காரலாம். ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் மட்டும்தான் ஸ்டியரிங்கைத் தொடவேண்டும்.

இந்த மாதிரிக் கார்களை நான் வெகுகாலமாகச் சுமக்கிறேன். கொக்கியை எங்கே மாட்டினால் பெயிண்டில் படாது என்று தெரியும். எந்தப் பக்கம் கனம் என்பது பட்டையை இறுக்கும்போதே கைக்குத் தெரிந்துவிடும். வெள்ளைக்கு இஞ்சின் பின் சக்கரங்களுக்கும் பின்னால், ஏறக்குறைய பம்பரை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. மஞ்சளுக்கு சீட்டின் முதுகுக்கும் பின் சக்கரங்களுக்கும் நடுவில். ஒரு முழம், ஒன்றரை முழம் வித்தியாசம். அந்த ஒரு முழம் ரோட்டில் என்ன செய்யும் என்று மெக்கானிக்குகள் சாப்பாட்டை மறந்து சண்டை போட்டதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் இவற்றில் எதையும் இரண்டாவது கியருக்கு மேல் நான் ஓட்டியதில்லை. ஒரு பலகாரக் கடையின் அடுப்படியில் காலமெல்லாம் வேலை செய்துவிட்டு ஒரு துண்டுகூட வாயில் போடாதவனைப் போல இருந்தேன்.

புத்தூரில் லாரித் தட்டைச் சாய்க்கும் ஹைட்ராலிக் குழாய் கசிய ஆரம்பித்தது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள எங்கிருந்தெல்லாமோ வருகிற ஊர் அது. குழாய் மாற்றும் வரை டீக்கடை பெஞ்சில் என் இரண்டு பக்கமும் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கைகளும் கால்களுமாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவர் லாரியையே பார்த்துவிட்டு, "வண்டிக்கும் கட்டு போட இட்டாந்தியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததில் ஒருவருக்குத் தோள்பட்டை வலித்துவிட்டது. அவருக்கு ஒரு டீ சொன்னேன்.

திருப்பதியில் என்னை வரச் சொல்லியிருந்த இடம் ஒரு கண் ஆஸ்பத்திரி. லாரியை நிழலில் ஒதுக்கியபோது முதலில் வந்தவர் தாமு. நாற்பதைத் தாண்டியவர், கையில் மாத்திரைப் பை. அவர்தான் வாங்கப் போகிறவர் என்று நினைத்து வணக்கம் சொன்னேன். "நானில்லப்பா, எங்க அக்கா" என்றார். படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார் கிரிஜாம்மா. ஐம்பதைத் தாண்டிய வயது, பருத்திச் சேலை, கறுப்புக் கண்ணாடி.

"எனக்கு எதிர்ல நிக்கறது எதுப்பா, வெள்ளையா மஞ்சளா?"

"மஞ்சள்மா."

"கண்ணுல மருந்து உட்டுட்டாங்க. எல்லாம் கலங்கலா கீது. எறக்கு, தொட்டுனா பாக்கறேன்."

இறக்கினேன். அவர் இரண்டு கார்களையும் விளக்கிலிருந்து ஆரம்பித்துப் பின் பம்பர் வரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். வெள்ளையின் முன் சக்கரங்களுக்கு மேலே தகடு திமில் மாதிரி எழுந்திருக்கும். அங்கே கை கொஞ்சம் நின்றது. மஞ்சளின் விலாவில் இஞ்சினுக்குக் காற்றுப் போகும் ஓட்டை இருக்கிறது, முழங்கை வரை போகும். அதற்குள் கையை விட்டு, "இங்கதான் மூச்சு உடுதா?" என்று கேட்டார்.

தன் விஷயத்தை அவரே சொன்னார், வானிலை சொல்வது போல. கண்ணில் அழுத்த நோய். நேராகப் பார்ப்பது நன்றாகத் தெரிகிறது, இரண்டு ஓரமும் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வருகிறது. போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் பிடித்து வைக்கலாம். பகலில், பழகின ரோட்டில் இப்போதைக்கு ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எத்தனை காலம் என்று அவரும் சொல்லவில்லை.

"சின்ன வயசுல சித்தூர் ரோட்டுல எங்க நைனாவோட கரும்பு டிராக்டர்ல போய்க்கினு இருந்தேன். பின்னாலேர்ந்து இந்த மாதிரி ஒண்ணு, செவப்பு, சர்ருனு தாண்டிச்சு. எந்த சினிமாக்காரனோ. நைனா டிராக்டரை ஓரம் கட்டிட்டு, தூசி அடங்கற வரைக்கும் பாத்துக்கினே இருந்தாரு. நானுந்தான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். "கல்யாணம் வாணாம்னேன், நிலம் பாத்துக்கினேன், மாந்தோப்பு வெச்சேன். இத மட்டும் அப்புறம் அப்புறம்னு தள்ளிக்கினே வந்துட்டேன்."

வாங்கப் போவது ஒன்றுதான் என்றாலும் இரண்டுக்கும் அலிபிரியில் பூஜை போடவேண்டும் என்றார். மலைக்குக் கீழே வந்துவிட்டு, ஒன்றை மட்டும் சும்மா அனுப்பினால் அதற்குக் குறைதானே என்பது அவர் நியாயம். அங்கே புது வண்டிகள் வரிசையில் நின்றன. மஞ்சள் குங்குமம் பூசி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்த குருக்கள், இஞ்சினுக்கும் பொட்டு வைக்க மூடியைத் திறக்கச் சொன்னார். வெள்ளையின் முன்மூடியைத் திறந்தேன். உள்ளே காலிப் பெட்டி. அவர் குனிந்து பார்த்துவிட்டு, எனக்கு இரக்கப்படும் குரலில், இஞ்சினைக் கழற்றிக்கொண்டுதான் உன்னிடம் விற்றார்களா என்று தெலுங்கில் கேட்டார். தாமு சிரிப்பை அடக்கி மொழிபெயர்த்தார். பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினோம். வண்டியின் வால் எதிரில் நின்றபடி கற்பூரம் காட்டிய அவருக்கு மனம் ஒப்பவேயில்லை. பாதுகாப்புக்கு முன்பக்கமும் ஒரு முறை காட்டினார்.

அன்று இரவு பாலசமுத்திரத்தில் அவர்கள் வீட்டில் ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். களியை இங்கே சங்கட்டி என்கிறார்கள். விருதுநகருக்குத் தெற்கே எங்கள் வீட்டில் அது கம்பங்களி. தானியமும் பேரும்தான் வேறு, அம்மிச் சத்தம் ஒன்றே. காரம் மட்டும் எங்கள் ஊரைவிட இரண்டு மடங்கு. கண்ணில் தண்ணீர் வந்தபோது, "துன்னுப்பா, அழுதுக்கினே துன்னாத்தான் இது எறங்கும்" என்றார் கிரிஜாம்மா. லாரிக்குள் படுத்தேன். மாமரங்கள் பூவெடுத்திருந்தன. எனக்கென்று ஒரு மரம் எங்கும் இல்லாததை அந்த வாசனை ஞாபகப்படுத்தியது. பிறகு தூங்கிவிட்டேன்.

மறுநாள் எடை பார்க்கப் போனோம். ஒரு பொருளை நம்பவேண்டுமென்றால் இந்தப் பக்கத்துக்காரர்கள் அதைக் காட்டாவில் ஏற்றிப் பார்க்கிறார்கள். லாரி எடைமேடைக்கு இங்கே அதுதான் பேர். கரும்பு, மாங்காய், கல் எல்லாம் அதில் ஏறித்தான் ஊரைவிட்டுப் போகிறது. மேடையில் இருந்தவர் மஞ்சள் காரைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல லோடா காலியா என்று கேட்டார். "அக்காவோட ஆசை ஏறிக் கீது. நீ காலின்னே போடு" என்றார் தாமு.

முதலில் முன் சக்கரங்களை மட்டும், பிறகு முழு வண்டியையும் ஏற்றிப் பார்த்தோம். மொத்தத்தில் இரண்டுக்கும் ஓர் ஆள் எடைதான் வித்தியாசம், மஞ்சள் கூடுதல். தாமுவின் ஜீப் இரண்டையும்விடக் கனம். பாகம் பிரித்ததில்தான் சங்கதி. வெள்ளையின் கனத்தில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் பின் சக்கரங்களில் கிடந்தது. மஞ்சளில் பின்பாரம் அதைவிடக் குறைவு, முன்னாலும் ஓரளவுக்கு இருந்தது. அதைக் கேட்டதுமே கிரிஜாம்மாவின் முகம் மாறிவிட்டது.

கரும்பு ஏற்றிய டிராக்டரை ஓட்டிப் பழகியவர் அவர். பின்னால் பாரம் ஏறினால் டிராக்டர் மூக்கைத் தூக்கும். மூக்குத் தூக்கினால் ஸ்டியரிங் வேலை செய்யாது. அதனால் மூக்கின் மேல் இரண்டு ஆட்களை உட்காரவைத்துக்கொண்டு கரும்பு ஆலைக்குப் போவார்கள். வழியில் நானே பார்த்தேன். வெள்ளைக் காரும் அப்படித்தான் தூக்கும் என்று முடிவு செய்துவிட்டார். ஆட்களை உட்காரவைக்க முடியாதாகையால் முன்பெட்டியில் இரண்டு மூட்டை வெல்லம் வைக்கச் சொன்னார்.

காரைச் செய்த கம்பெனிக்காரன் இதையெல்லாம் யோசித்துத்தான் டயர், ஸ்பிரிங் எல்லாம் போட்டிருப்பான், மூட்டை வேண்டாம் என்று சொன்னேன்.

"நீ கரும்பு லோடு அடிச்சிருக்கியா?"

"இல்லைம்மா."

"அப்ப தூக்கி வை."

வைத்தேன். சுடச்சுட வார்த்த அச்சு வெல்லம். கார் முழுக்க வெல்லப்பாகு மணம்.

அதற்கடுத்த நாள் சித்தூரைத் தாண்டி மொகிலி மலைப்பாதையின் அடிவாரத்துக்கு லாரியில் கொண்டுபோய் இரண்டையும் இறக்கினேன். அங்கிருந்து வளைவுகள் ஏறி பலமனேர் மேட்டுக்குப் போகிறது பெங்களூர் ரோடு. தாமு லாரிக்குக் காவல். முதலில் வெள்ளை.

கிரிஜாம்மா நன்றாக ஓட்டினார். கியர் மாற்றுவதில் அவசரமில்லை. நேர் ரோட்டில் அழுத்தினபோது வெள்ளை ஒரு துளி வழுக்காமல் பாய்ந்தது. இஞ்சின் கனம் முழுக்கத் தள்ளுகிற சக்கரங்களின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் வரும் பிடி அது. ஆனால் வளைவில் மூக்கு சோம்பலாகத் திரும்பியது. மூட்டையின் வேலை. "இதுவா அது? எருமை மாதிரி கீதே" என்றார். மேலே போய்த் திருப்பி அடிவாரத்துக்கு வந்தார்.

பிறகு மஞ்சள். சேலையை முழங்காலுக்குள் செருகிக்கொண்டு, முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துவைத்தார். கிணற்றில் இறங்குவது போல இருந்தது. இரண்டாவது வளைவிலேயே அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கனம் வண்டியின் நடுவில், அவருடைய முதுகை ஒட்டி இருந்தது. அதனால் கையை அசைத்தவுடன் வண்டி திரும்பியது. பம்பரத்துக்கு ஆணி எங்கேயோ அங்கேயே நாம் உட்கார்ந்திருப்பது போல. பயமும் அதில்தான் இருக்கிறது. ஒருமுறை பிடி விட்டால் இது சுற்றும் வேகத்துக்கு யாரும் பிடிக்க முடியாது என்று வளைகுடாவில் சொல்வார்கள். நான் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐம்பது வயதுக்கு மேல் ஒருவர் அப்படிச் சிரிப்பதை அதிகம் கேட்டதில்லை.

பலமனேர் மேட்டில் இடப்பக்கம் ஒரு மண்பாதை வந்து ரோட்டில் சேருகிறது. அதிலிருந்து பால் கேன்கள் தொங்க ஒரு மொபெட் ஏறி வந்தது. எனக்குத் தெரிந்தது. கிரிஜாம்மா வேகத்தைக் குறைக்கவில்லை.

"அம்மா, பிரேக்."

மிதித்தார். வண்டி நின்ற இடத்துக்கும் பால் கேனுக்கும் நடுவில் என் கை போகும் அளவு இடம் இருந்தது. பால்காரர் தெலுங்கில் வைய ஆரம்பித்து, வண்டியை முழுதாகப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டார். குனிந்து, அரைகுறைத் தமிழில், லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். என் மொபெட்டைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிரிஜாம்மா இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அவன் எங்கேர்ந்து வந்தான்?"

"இடப்பக்கத்துலேர்ந்து."

"அங்க ஒரு ரோடு கீதா?"

"மண்ரோடும்மா."

கழுத்தைத் திருப்பி அந்த மண்ரோட்டைப் பார்த்தார். பிறகு இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்தார். "நீ ஓட்டு" என்றார்.

இத்தனை காலம் ஆசைப்பட்டது எனக்குக் கிடைத்த விதம் அது. மலையிறங்கும் வரை மூன்றாவது கியர், ஒரு நேர் ரோட்டில் நான்காவது. முதுகுக்குப் பின்னால் இஞ்சின் பாடியது சீட்டு வழியாக எலும்பில் கேட்டது. கை நினைத்ததைச் சக்கரம் செய்தது. நான் கற்பனை செய்ததைவிட எல்லாமே நன்றாக இருந்தது, ஆனால் பக்கத்தில் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தபோது இன்னும் அழுத்த மனம் வரவில்லை. அவர் மட்டும் ஒரு வளைவுக்கு முன்னால், "இங்க ரெண்டு போடு, சத்தம் நல்லா வரும்" என்றார். போட்டேன். வந்தது.

அடிவாரத்தில் தாமு எழுந்து வந்தார். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார் போல. அக்காவுக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, கவனத்தை மாற்றுவதற்காக, வெயிலில் வெல்லம் இளகி வெள்ளைக் காரிலிருந்து ஒழுகப் போகிறது, எறும்பு வந்தால் மெட்ராஸ்காரன் நம்மைச் சும்மா விடமாட்டான் என்றார். இரண்டு மூட்டைகளையும் நானும் அவரும் லாரிக்கு மாற்றினோம்.

காலியான வெள்ளையைக் கிரிஜாம்மா பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஏறினார். "வா" என்று என்னைக் கூப்பிட்டார். இந்த முறை வேகமில்லை, ஒரு மாட்டு வண்டியை ஓட்டுகிற நிதானம். மூட்டை போனபின் மூக்கு லேசாகி, வளைவில் தானாக உள்ளே வந்தது. வளைவு முடிந்து அழுத்தும்போது பின்கனம் ஒரு கையாக இடுப்பைப் பிடித்துத் தள்ளியது. நடு வளைவில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் அந்தக் கனமே வாலை வெளியே வீசும் என்று இதையாவது சொல்லிவைத்தேன். "பின்பாரம்னா அப்படித்தான். டிராக்டர்லயும் நடுவுல கால எடுக்கமாட்டேன்" என்றார்.

ஒவ்வொரு குறுக்குப் பாதையிலும் வேகத்தைக் குறைத்து, கழுத்தை முழுதாகத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்தார். வெள்ளையில் ஜன்னல் கண்ணாடிகள் உயரம். திரும்பினால் ரோடு தெரிகிறது. முன் சக்கரத் திமில்கள் இரண்டும் கண்ணெதிரே நிற்பதால் வண்டி எங்கே முடிகிறது என்பதும் தெரிகிறது. மஞ்சளில் திரும்பிப் பார்த்தால் இஞ்சின் மூடியும் தகடும்தான்.

"எருமைன்னுட்டேன் இத. தப்பு மூட்டையோடது" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "அது கெணத்துக்குள்ள ஒக்காந்து பாக்கற மாதிரி கீதுப்பா. எனக்கு ஏற்கெனவே கண்ணு அப்படித்தான் ஆய்க்கினு வருது. ரெண்டு கெணறு தாங்காது" என்றார்.

அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. வெள்ளை பாலசமுத்திரத்தில் இருக்கும். மஞ்சள் என்னோடு திரும்பும்.

மறுநாள் காலையில் மஞ்சளை ஏற்றத் தட்டைச் சாய்த்தேன். கிரிஜாம்மா வந்து நிறுத்தச் சொன்னார். தோப்புக்கு நடுவில் ஊருக்கு வரும் ரோடு கொஞ்ச தூரம் கோடு போட்டது போல நேராக இருக்கிறது, குறுக்குப் பாதை கிடையாது. "ஏத்தறதுக்கு முன்னாடி அதை ஒரு தபா எனக்கு எதிர்ல ஓட்டிக்கினு போ. நல்லா அழுத்திப் போ" என்றார். தாமு ஜீப்பை எடுத்துக்கொண்டு அந்தக் கோடிக்குப் போனார், எதிர்வண்டிகளை நிறுத்திவைக்க.

முதலாளிக்குத் தெரிந்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். வேலை போனால் வேறு வேலை தேடுவது எனக்குப் பழக்கமானதுதான். இந்தக் கோடியில் போய்த் திருப்பினேன். தோப்பு வேலியோரம் கிரிஜாம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு, மூன்று, நான்கு. மாமரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பச்சைச் சுவராயின. அவரைத் தாண்டிய நொடியில் பார்த்தது இவ்வளவுதான்: அவர் கண்ணை மூடியிருந்தார்.

தாமுவுக்கு முன்னால் நிறுத்தி, மெதுவாகத் திரும்பி வந்தேன். வேலியோரம் அவர் அதே இடத்தில், அதே மாதிரி கண்ணை மூடி நின்றிருந்தார். ஜன்னல் கண்ணாடியை இறக்கி, "பாக்கலையாம்மா?" என்று கேட்டேன்.

"பாத்தா டப்புனு தாண்டிப் போயிடுது. எனக்கு இருக்கற இந்த நடுவுல எவ்ளோ நேரம் நிக்கும்? கேட்டா அங்கேர்ந்து வர்றது, இங்க வர்றது, அப்புறம் தூரமா போறது, அத்தினியும் கெடைக்குது." கண்ணைத் திறக்காமலே சொன்னார். "இன்னொரு தபா போ."

அந்தக் கோடியிலிருந்து தாமு கத்தினார். சித்தூர் பஸ் வந்து நிற்கிறதாம், டிரைவர் ஹார்ன் அடிக்கிறாராம், பாதிப் பேர் வேடிக்கை பார்க்க இறங்கிவிட்டார்களாம்.

"நிக்கட்டும்" என்றார் கிரிஜாம்மா.

நான் வண்டியைத் திருப்பினேன்.